மடங்கிப்போன இரண்டு விரல்

திருப்புலிவனம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் நைனா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய். பொங்கலுக்கு வந்து கோபித்துக்கொண்டு போனவள் ஆறு மாதமாகப் போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

என் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் ஒன்றரை வருடமாக மரத்துக் கிடக்கின்றன. நடவு வேலையால் வந்தது, போய்விடும் என்று இருந்தேன். உத்திரமேரூரில் ஒரு டாக்டர் சத்து ஊசி போட்டார், இன்னொருவர் சர்க்கரை பார்த்தார், சர்க்கரை இல்லை. அப்புறம் இரண்டு விரலும் உள்ளே மடங்கிக்கொண்டன, கட்டைவிரல் பக்கத்துச் சதையும் குழிந்துபோனது. என்னோடு நடவு நடும் அம்முலு அதைப் பார்த்துவிட்டு, இன்னாடி கை இப்டி கீது, பெருநோயா இருக்கப்போவுது என்றாள். மறுநாளிலிருந்து வயலில் எனக்கு மட்டும் கஞ்சியைத் தனியாக ஊற்றி வைத்தார்கள். அன்றைக்கே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. குஷ்டநோய்க் கணக்கெடுப்புக்காக, மரத்துப்போன இடம் இருக்கிறதா என்று கேட்டு சுகாதார நிலையத்து கனகா வீடு வீடாக வந்தபோது, நான் கொல்லைப்பக்கம் போய் ஒளிந்துகொண்டேன். என்னைப்போல முட்டாள் உண்டா?

போன மாதம் சோற்றுப் பானையை இறக்கும்போது சுண்டுவிரல் வெந்துபோனது, எனக்குத் தெரியவே இல்லை. உன் நைனாதான் பார்த்துக் கத்தினார். இன்னும் எத்தினி நாளு மறச்சிக்கினு இருப்ப என்று திட்டி, அப்படியே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். கையில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். பெருநோய் இல்லையாம். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து என் முழங்கை கோணலாகக் கூடிக்கொண்டதே, அந்த இடத்தில் நரம்பு இத்தனை வருடமாக நசுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பெருநோயாகவே இருந்தாலும் மாத்திரையில் குணமாகிவிடும், அதற்காகவா ஒளிந்தாய் என்று டாக்டர் கேட்டார். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் கை பிழைத்திருக்குமாம். இப்போது ஆபரேஷன் செய்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், போன பலம் திரும்பாது என்றார். ஆவணி பிறந்ததும் வரச்சொல்லி இருக்கிறார்கள். அம்முலுவிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன், அவள் கையில்கூட வாங்கவில்லை.

நான் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான், இது கைக்குழந்தைக்கு ஒட்டுமா என்று. ஒட்டாது என்றார். திரும்பவும் கேட்டேன், சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொங்கலுக்கு நீ பாப்பாவை நீட்டியபோது நான் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மூன்று நாளும் அவளைத் தொடவில்லை. பொண்ணு பொறந்துச்சின்னுதான தொடமாட்டேன்ற, இனிமே இந்த வூட்டு வாசல மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறினாய். ஐயோ, பெண் என்றா தொடாமல் இருந்தேன்? நீ குளிக்கப் போனபோதெல்லாம் தூளியிலிருந்து எட்ட நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் சுகிர்தா. என் மூச்சுப் பட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

உனக்கோ மாப்பிள்ளைக்கோ கைகால் மரத்தால் என்னைப்போல மறைக்காதே, அன்றைக்கே காட்டு. பாப்பாவுக்குத் தடுப்பூசி தள்ளிப்போடாதே. மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். அவள் இப்போது கனத்திருப்பாள், இந்தக் கையால் இனி அவளைத் தூக்க முடியாது. கூட்டிக்கொண்டு வந்து நீயே என் மடியில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
செங்கேணி