பழைய துணிக்குப் பழைய ஒட்டு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கிறது. ஒரு கை அதோடு கட்டுண்டு கிடப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். மூன்று பிளவுஸ் தைக்காமல் கிடக்கின்றன, மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை.

டாக்டர் சொன்னார்: "அறுபத்தெட்டு வயசு ஒரு தடையில்லம்மா, உங்க இதயம் நல்லா இருக்கு. சொந்தத்துல யாராவது கிட்னி கொடுத்தா சீக்கிரம் முடியும். இல்லேன்னா பேரைப் பதிஞ்சு காத்திருக்கணும். இறந்துபோன வயசானவங்க கிட்னிக்குச் சம்மதிச்சா காத்திருக்கிறது குறையும்."

"பழைய துணிக்குப் பழைய ஒட்டா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மகன் தருகிறேன் என்றான். பிள்ளை குட்டிக்காரன், வாயை அடைத்துவிட்டேன். எனக்கு இந்த இயந்திரமே போதும். நீயும் ஆரம்பிக்காதே.

உன் அக்கா

மார்ச் 11

அக்கா,

ஆரம்பித்துவிட்டேன். நம் இருவருக்கும் ஒரே ரத்த வகை. லாரியை முதலாளியிடம் விட்டுவிட்டு நாளை பரிசோதனைக்குப் போகிறேன். திட்டுவதென்றால் நேரில் திட்டு.

தம்பி

ஏப்ரல் 2

அக்கா,

எப்படி எழுதுவதென்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன். "உங்களுக்கே சர்க்கரை இருக்கு, ரொம்ப நாளா இருந்திருக்கும். நீங்க கொடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். லாரி ஷெட்டுக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன். சோறு இறங்கவில்லை. எனக்கு வந்ததற்காக இல்லை, உனக்கு உதவாமல் போனேனே என்றுதான்.

பிடிவாதத்தை விடு. வயசானவர் கிட்னியானால் என்ன? உன் தையல் மிஷின்கூடத்தான் பழசு, ஓடவில்லையா? சம்மதம் சொல்.

தம்பி

நவம்பர் 20

என் தம்பிக்கு,

சம்மதித்தேன். அதற்குப்பிறகு குளியலறைக்குக்கூட கைப்பேசியோடுதான் போனேன். ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, போய்ப் படுத்தபிறகு, "இது சரிவராது" என்று திருப்பி அனுப்பினார்கள். வழியெல்லாம் அழுதேன். இரண்டாவது அழைப்பு போன வாரம் வந்தது.

வைத்த கிட்னி வேலை செய்கிறது! இத்தனை மாதமாக அளந்து குடித்தவள், நேற்று ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன், யாரும் தடுக்கவில்லை.

கொடுத்தவர் என்னைவிட மூத்தவராம். பெயர் சொல்லமாட்டார்கள். இங்கே என் மகன் சிரிக்கிறான். அந்த வீட்டில் என்ன செய்கிறார்களோ? கண்ணை மூடினால் அதுவே ஓடுகிறது.

நீ சர்க்கரை மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை என்று உன் மனைவி சொன்னாள். எனக்குக் கொடுப்பதற்கென்று ஒரு கிட்னியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாயே, அதை இனி உனக்காகப் பத்திரமாக வைத்துக்கொள்ளடா. இதையாவது அக்கா சொன்னால் கேள்.

உன் அக்கா