நெட்டை ஆன்டெனா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நலமா? நான் சௌக்கியம்.

இந்தக் காட்டு மலைப்பாதை ஒரு வண்டி அகலம்தான். அதனால் ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் "பதினாலு, ஏறுறேன்" என்று எதிரே வருபவர்களுக்கு வண்டி ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். செவ்வாயன்றும் சொல்லிக்கொண்டுதான் ஏறினேன். வளைவில் மரம் ஏற்றிய லாரி என் பானெட்டுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

டிரைவர் கார்வின் இறங்கி வந்து கத்தினார். "வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க மாட்டியாடா?"

"சொன்னேண்ணே. உங்க குரலும் எனக்குக் கேக்கல."

அவர் என் ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்தார். "சமவெளிக்காரனா நீ? இந்த நெட்டை அங்க தூரமாப் பேசும். இதோட சிக்னல் மலை மடிப்புக்குள்ள எறங்காது. குட்டையா ஒண்ணு மாட்டு."

நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கித் தந்தது, அப்பா. உங்கள் மேல் தப்பில்லை. கொட்டகையில் பழைய வண்டியின் குட்டை ஆன்டெனா கிடக்கும், உடனே அனுப்புங்கள். அம்மாவிடம், நெட்டை உடைந்துவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.

அது வரும்வரை வளைவுக்கு வளைவு என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிக் காது கொடுக்கிறேன். ஒன்றும் கேட்காவிட்டாலும் ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

கூப்பிடுகிறார்கள். ஏற வேண்டும்.

உங்கள் டார்ஸி