குழந்தைச் சாட்சி வகுப்புக்கு ஒரே ஓர் இடம்

ஜூன் 3, திங்கள்

பயிற்சி மையத்திலிருந்து இந்த வருடத்துப் பட்டியல் வந்துவிட்டது. ஐந்து சிறப்பு வகுப்புகள், வகுப்புக்கு ஓர் ஆள். யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிற மேசை என்னுடையது. ஒன்பது வருடமாக இதே நாற்காலி.

போலீஸ் ஸ்டேஷன்களுக்கு ஒரு பழக்கம். வேலை தெரிந்தவனை விடமாட்டார்கள். எவன் இல்லாவிட்டாலும் வண்டி ஓடுமோ அவனைத்தான் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அப்படிப் போய்ப் போய் ஒரு தலைமைக் காவலருக்கு ‘சர்ட்டிபிகேட்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நீரில் மூழ்கியவரை மீட்பது, வெடிகுண்டு, குதிரை என்று எட்டு வகுப்பு முடித்தவர். எங்கள் சரகத்தில் குதிரையே கிடையாது!

ஜூன் 5

ஐந்தாவது வகுப்பு, குழந்தைச் சாட்சிகளை விசாரிப்பது. மூன்று வாரம்.

இங்கே குழந்தையை விசாரிக்க வேண்டுமென்றால், பெண் அதிகாரி என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் ஒரு விபத்து. பார்த்தவள் ஆறு வயதுப் பெண். “வெள்ளை வேன்தானே பாப்பா?” என்று கேட்டேன். “ஆமா” என்றாள். வேன் டிரைவர் நான்கு மாதம் உள்ளே இருந்தார். ‘இது குழந்தையின் பதில் இல்லை, அதிகாரியின் பதில்’ என்று சொல்லி நீதிபதி அவரை விடுவித்தார். இடித்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

இந்த இடத்துக்காவது உருப்படியான ஆளை அனுப்ப வேண்டும். பெரிய ஸ்டேஷனில் ஒரு பெண் காவலர் இருக்கிறாள். பொறுமைசாலி.

ஜூன் 6

அவளை அனுப்பச் சொல்லி அந்த ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். இன்ஸ்பெக்டர் எடுத்த எடுப்பிலேயே, “அவள அனுப்பிட்டு நான் கையக் கட்டிக்கிட்டு உக்காரவா? சர்ட்டிபிகேட்டை எழுதிக்கோங்க மேடம்” என்றார்.

ஜூன் 7

எழுதவில்லை. பேனா ஓடமாட்டேன் என்கிறது.

ஜூன் 10

சர்ட்டிபிகேட் அவராகவே வந்து நின்றார். “மேடம், என் பேரை எழுதாதீங்க.”

“ஏன், அலுத்துப் போச்சா?” என்று குத்தலாகக் கேட்டேன்.

“முழுகினவனைத் தூக்கக் கத்துக்கிட்டு வந்தேன். மறுநாளே கேட்டுல நிக்க வெச்சாங்க. இதுவும் அப்படித்தான் போகும். இது பிள்ளைங்க சமாச்சாரம். கூப்பிடுறது உங்களைத்தானே? நீங்க போங்க.”

சுருக்கென்று தைத்தது. எவ்வளவு துணிச்சல்! “நான் போயிட்டா இந்த மேசைய யாரு பாக்குறது?” என்று சீறினேன்.

“நான் பாக்குறேன். எட்டு வகுப்புல உக்காந்து எழுந்தவன். எதுல விஷயம் இருக்கு, எதுல தூங்கலாம்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?”

சிரிப்பு வந்தது. கோபமும் போகவில்லை.

ஜூன் 11

எனக்கு ஏன் என் பெயர் தோன்றவே இல்லை? ‘என்னை எங்கேயும் விடமாட்டாங்க’ என்று இத்தனை வருடம் பெருமை பேசினேனே... பெருமையா அது? கேள்வி கேட்கத் தெரியாதவள் என்று ஊரறிய ஒத்துக்கொள்ள வெட்கம். அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். இவர், “மூணு வாரம் சமையல் என்னுது. பிள்ளைங்க பாவம்” என்றார். மனிதருக்கு வேறு கவலையே இல்லை.

ஜூன் 13

என் பெயரை எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாற்காலி மூன்று வாரத்துக்கு சர்ட்டிபிகேட்டுக்கு.

ஜூலை 2

வகுப்பில் எல்லாரும் என் மகள் வயது. இன்று ஒத்திகை. குழந்தையாக நடித்தவளிடம் பதினொரு கேள்வி கேட்டேன். ஒன்பதில் பதிலும் உள்ளேயே இருந்ததாம்! அவமானமாக இருந்தது. குளியலறையில் முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 22

திரும்பிவிட்டேன். சர்ட்டிபிகேட் சும்மா இருக்கவில்லை. ‘பயிற்சி முடித்து வருபவருக்கு என்ன வேலை தருவீர்கள்?’ என்று, ஆள் அனுப்ப ஸ்டேஷன்கள் நிரப்பித் தரும் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார். ஸ்டேஷன்கள் கொதிக்கின்றன. அந்த வரியை நான் எடுக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 9

மாடிப்படியிலிருந்து ஒரு பெரியவரைத் தள்ளிவிட்ட வழக்கு. பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பெண் பார்த்தாளாம். நீலச் சட்டைக்காரன் ஒருவனைச் சந்தேகத்தில் காலையிலிருந்து உட்கார வைத்திருந்தார்கள்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லும்மா.” அவ்வளவுதான் கேட்டேன். தன் பள்ளிக்கூடத்தைச் சொன்னாள், விழுந்த பல்லைச் சொன்னாள், பிறகு சும்மா இருந்தாள். நானும் சும்மா இருந்தேன். ‘நீலச் சட்டைதானே?’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“சத்தம் கேட்டுச்சு. ஓடி வந்தேன். தாத்தா கீழ கெடந்தாரு. வேற யாரையும் பாக்கல.”

வெளியே இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். “என்ன மேடம், ஆமான்னுட்டாளா?”

“யாரையும் பாக்கலயாம்.”

“கொஞ்சம் எடுத்துக் குடுத்துக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பா” என்றேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் அவனை விட்டுவிட்டார்கள். வாசலிலேயே நின்றிருந்த அவன் மனைவி கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். யார் தள்ளியது என்று நாளை முதலிலிருந்து தேட வேண்டும்.