லேப் வாசலில் சொன்னது

திருவனந்தபுரம்
12.8.2004

அன்புள்ள அப்பாவுக்கு மலர் எழுதுறேன். கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன். உங்க இருமல் குறைஞ்சுதா? நம்ம போனக்காடு எஸ்டேட்டுல மழை விட்டுதா?

போன வாரம் லேப் வாசல்ல, "உள்ள அப்படி என்னம்மா செய்யுற?"ன்னு கேட்டீங்க. கூட வேலை செய்யுற அனூப் பக்கத்துல நின்னான். "உங்களுக்குப் புரியாது"ன்னு சொல்லிட்டேன். சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறப் போயிட்டீங்க.

புரியாததா என்ன? கண்ணுக்கே தெரியாத மூலக்கூறுகளை, தங்கம் பூசின தகட்டுல நம்ம தேயிலைச் செடி மாதிரி நெருக்கமா ஒட்ட வைக்கிறேன். ஒரு நிற வெளிச்சம் பட்டா எல்லாம் வளையும், வேற நிற வெளிச்சம் பட்டா நிமிரும். நேத்து முதல் தடவையா வளைஞ்சுது. அதுக்கு அடையாளமா, தகட்டு மேல உருண்டு நின்ன தண்ணித் துளி அப்படியே பரவுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு உங்க முகம்தான் ஞாபகம் வந்துது.

அம்மாவோட நார்த்தங்கா ஊறுகாயும் என் பழைய போர்வையும் வேணும். யார்கிட்டயும் குடுத்து விடாதீங்க, நீங்களே கொண்டு வாங்க, கேட்டீங்களா.

அன்னைக்கு நீங்க போனதும், யாருன்னு அனூப் கேட்டான். ஊர்க்காரர்னு சொன்னேன். இன்னைக்குக் காலையில அவன்கிட்ட, அது என் அப்பான்னு சொல்லிட்டேன். மன்னிச்சுருங்கப்பா. தபால் எடுக்க வந்துட்டாங்க.

மலர்