ஈறு நிறக் கைப்பிடி

என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய அத்தைக்கு,

நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காரின் பின் இருக்கையில், இடது கதவோரம். நீங்கள் இருந்திருந்தால் "டிரைவருக்கு அங்க என்ன வேல?" என்று விரட்டியிருப்பீர்கள். இன்றைக்கு விரட்ட ஆள் இல்லை. முன்னால் உட்கார மனமும் இல்லை.

கார் சிகாமட் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. உள்ளே உங்கள் மகள் பாக்கியம் பிரசவ வலியில் கிடக்கிறாள். நம் ஊர் லாபிஸிலிருந்து கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வராந்தாவுக்கும் காருக்குமாக நடந்தேன். டயரை உதைத்துப் பார்த்தேன். நிறைந்திருந்த ரேடியேட்டரில் மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன், வழிந்து காலெல்லாம் நனைந்தது.

மருந்து போட்டுக் கட்டுகிற யாழ்ப்பாணத்து டிரஸர் ஐயா ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார். "இஞ்சை பாரும், நீர் இப்பிடி நடந்து திரிஞ்சா பிள்ளை கெதியா வந்திடாது. போய் ஒரு இடத்திலை இரும்" என்றார்.

"உக்காந்தா கை சும்மா இருக்காதுங்க ஐயா."

உள்ளே போய் நாலு தாளும் ஒரு பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தார். யாருக்கு எழுதுவது? லாபிஸில் இருப்பவர்களுக்குச் சொல்ல இன்னும் சேதி இல்லை. சேதி இல்லாமலே பேசலாம் என்றால், அது உங்களிடம்தான்.

அந்த ஐப்பசி மழை நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? உங்களுக்குப் பல் கட்டுவதற்காக இதே சிகாமட்டுக்குத்தான் கிளம்பினோம். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்தே உங்களுக்குப் பல் பைத்தியம் பிடித்துவிட்டது. "பேரப்புள்ளைக்குப் பல்லு மொளைக்கிறதுக்குள்ள எனக்கு மொளைச்சிடணும் மாப்பிள்ள. பொக்க வாயும் பொக்க வாயும் பாத்துச் சிரிச்சா ஊரு என்ன சொல்லும்?" என்றீர்கள். பல்லுக் கடைச் சீனர் லிம் ஏற்கெனவே மெழுகை உங்கள் வாயில் அமுக்கி அச்சு எடுத்து வைத்திருந்தார். முன்பணமும் வாங்கியிருந்தார். அன்றைக்கு அளவு சரிபார்க்க வரச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

வழியில் தெனாங் ஊரைத் தாண்டியதும் பின்னால் 'படக்' என்று ஒரு சத்தம். நான் ரோட்டைப் பார்த்தபடியே "என்ன அத்தை?" என்றேன்.

"கதவுப் புடி ஒடஞ்சி கையோட வந்துடுச்சி மாப்பிள்ள. நீங்க கவலப்படாதீங்க, நான் செஞ்சி தர்றேன்" என்றீர்கள்.

"இருக்கட்டும் அத்தை, பாத்துக்கலாம்" என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. நான் வண்டியை நிறுத்தித் திரும்பியபோது கைப்பிடி உங்கள் மடியில் கிடந்தது. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. எப்போது நெஞ்சு வலித்தது? கைப்பிடியை அவ்வளவு இறுக்கிப் பிடித்தீர்களே, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? வாய் ஓயாத மனுஷி, அந்த ஒன்றை மட்டும் ஏன் மென்று விழுங்கினீர்கள்? உங்கள் மேல் எனக்குக் கோபம் அத்தை. இன்னும் தீரவில்லை.

உங்கள் காரியம் முடிந்தது. காருக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தோம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஆனால் கைப்பிடி போன கதவு உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளவில்லை. பள்ளத்தில் இறங்கினால் தானாகத் திறந்துகொண்டது. கயிறு போட்டுக் கட்டி ஓட்டினேன். சவாரிக்காரர்கள் கயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு ரயில் ஸ்டேஷன் பக்கம் நடப்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். உங்கள் மகள்தான் அசையவில்லை.

"அந்தக் கதவுல அம்மா கைதாங்க தெரியுது. அது மொட்டையா நிக்கிற வரைக்கும் நான் இந்த வண்டியில ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நீங்கள் பெற்ற பிடிவாதம், நான் என்ன செய்வது?

தை மாதம் மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. "புள்ள குறுக்க கெடக்கு. இத என் கையில வச்சிக்க மாட்டேன். வலி எடுத்ததும் சிகாமட்டுக்குக் கொண்டு போயிடுங்க" என்றாள். ரயில் நம் சௌகரியத்துக்கு வருமா? வலி எடுக்கிற நேரத்தில் ரயில் இல்லாவிட்டால் காரைத் தவிர வேறு வழி இல்லை. காரிலோ அவள் ஏறமாட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு சாண் நீளமில்லாத கைப்பிடி என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சிங்கப்பூருக்கே போனேன். கார் விற்கிற பெரிய கடையில், கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் உடைந்த துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. கைப்பிடி மட்டும் தனியாக விற்பதில்லையாம். பூட்டோடு சேர்ந்த முழுச் சாமானாகத்தான் சீமையிலிருந்து வருமாம். கப்பல் வர நாலைந்து மாதம். விலையைக் கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இங்கே சுண்டைக்காயே முழுப் பணம், சுமைகூலி தனி. "அதுக்கு முன்னாடி என் புள்ள தவழ ஆரம்பிச்சிடும் சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆர்டர் போடாமல் வந்துவிட்டேன்.

ரப்பர்த் தோட்டத்துப் பட்டறையில் கொல்லரிடம் இரும்பில் அடித்து வாங்கினேன். கதவுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சதுரத் தண்டுக்குச் சரியாகத் துளை போட்டுக் கொடுத்தார். கதவு பூட்டிக்கொண்டது, கயிற்றை அவிழ்த்தேன். பெருமையாக வாசலில் நிறுத்தி பாக்கியத்தைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தாள்.

"மாட்டுக் கொட்டாய்த் தாப்பா மாதிரி இருக்கு."

"கெட்டியா இருக்கில்ல?"

"தொட்டா கை அறுக்குதுங்க. எங்கம்மா புடிச்ச எடத்துல இதையா வைப்பீங்க?" உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதும் நிஜம், எனக்கே விரலில் கீறியிருந்தது. அதைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வீசிவிட்டு மறுபடியும் கயிறு கட்டினேன்.

இருங்கள் அத்தை. ஆஸ்பத்திரிக் கதவு திறக்கிற சத்தம்.

இல்லை. யாரோ ஒரு மலாய்க்காரர், தன் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார். பையன் காலில் கட்டு. எங்கே விட்டேன்?

ஒரு துணிக்கடைக்காரரைச் சிகாமட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பல்லுக் கடை லிம் தெருவில் பாய்ந்து வந்து காரை மறித்தார். "மானா இத்து நேனே?" என்று சத்தம் போட்டார். அந்தப் பாட்டி எங்கே என்கிறார். "சுடா மத்தி, தௌகே" என்றேன், செத்துப்போய்விட்டார்கள் முதலாளி என்று. அவர் சத்தம் அடங்கிவிட்டது. பிறகு கதவுக் கயிறு அவர் கண்ணில் பட்டது.

எனக்குத் தெரிந்த மலாயில், கையையும் சேர்த்து ஆட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்ததை, சிங்கப்பூர்க் கடையை, இரும்புத் தாழ்ப்பாளை. அவர் காருக்குள் ஏறி, நல்லபடியாக இருக்கிற வலது கதவுக் கைப்பிடியைக் கட்டைவிரலால் தடவினார். நீங்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது உங்கள் ஈறைத் தடவினாரே, அதே மாதிரி. "போலே" என்றார். முடியும்.

கடைக்குள்ளிருந்து ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, இளஞ்சிவப்பாக ஒரு ரப்பர்ச் சுருளை எடுத்தார். "இத்து நேனே புன்யா கெத்தா." பாட்டியுடைய ரப்பர். உங்கள் பல்லுக்கு ஈறு செய்வதற்காக எடுத்து வைத்தது. காசு கொடுத்தவர் வாய்க்கு என்று ஒதுக்கியதை வேறு ஒருவர் வாயில் வைக்கமாட்டாராம், பெட்டியில் சும்மா கிடக்கிறதாம். வாழ்நாள் முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டினீர்கள். அந்தப் பாலில் ஒரு கைப்பிடி உங்கள் வாய்க்கு வருவதற்குள் போய்விட்டீர்கள்.

வலது கைப்பிடியை மெழுகில் அச்செடுத்தார், அதன்மேல் வெள்ளைச் சுண்ணமாவைக் குழைத்து ஊற்றிக் கூடாக்கினார். அந்தக் கூட்டுக்குள் கொல்லர் அடித்த இரும்பை ராவி எலும்பு மாதிரி வைத்து, சுற்றிலும் ரப்பரைத் திணித்து, இறுக மூடிய செப்புப் பானையில் அடுப்பேற்றினார். ரப்பர் வெந்தால் கல் மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அவர் கடையில் சிரித்துக்கொண்டிருந்த பல் செட்டுகளை எல்லாம் பார்த்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். கடைசியில் பட்டுப்போல் தேய்த்துக் கையில் கொடுத்தார். கூலி கேட்டதற்கு, பாட்டி கொடுத்த முன்பணமே போதும் என்று கையை ஆட்டிவிட்டார். பெரிய கடையில் கிடைக்காத சாமான் பல்லுக் கடையில் கிடைத்தது.

மாட்டிய பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. வலது கதவுக் கைப்பிடியை அச்செடுத்து இடது கதவில் போட்டால் வளைவு மாறிப்போகும் அல்லவா? கீழ்நோக்கி வளைய வேண்டியது மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. நிறமோ அப்பட்டமாக ஈறு நிறம். கதவே பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரி இருந்தது. லிம் தலையில் கை வைத்தார். நான் சிரித்துவிட்டேன். வழியில் நினைத்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இதை பாக்கியத்திடம் எப்படிக் காட்டுவேன்? அம்மாவின் ஈறு என்று சொன்னால், ஏறுகிறவளும் ஏறாமல் போய்விட்டால்? கறுப்புத் துணிப் பட்டையை வாங்கி, நிறம் தெரியாமல் நெருக்கிச் சுற்றிவிட்டேன்.

இன்று காலை ரயில் போன புகை அடங்குவதற்குள் வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி "ஏறும்மா, ஏறும்மா" என்று கத்துகிறாள். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவோரம் நின்று, அந்தக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறாள். திறக்கிறாள், மூடுகிறாள். மறுபடியும் திறக்கிறாள். எனக்கு உயிரே இல்லை. பிறகு ஏறி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தாள். மருத்துவச்சி பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

தெனாங் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. அதே இடம் அத்தை.

"ஏங்க, என்னங்க இது? துணி கழண்டு வருது. உள்ள செவப்பா இருக்கு."

பொய் சொல்ல வாய் வரவில்லை. வண்டியை நிறுத்தவும் தைரியம் இல்லை. ரோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் கடைசிப் பேச்சையும் சொன்னேன். அதை இதுநாள்வரை அவளிடம் சொன்னதில்லை, அழுவாளே என்று. 'நான் செஞ்சி தர்றேன்' என்று நீங்கள் சொன்னதை.

மலாய்க்காரர்களின் கம்பத்து வீடுகள் கடந்து போயின, ரப்பர்க் காடு கடந்து போயிற்று. இறங்கிவிடுவாளோ, கதவைத் திறந்துவிடுவாளோ என்று என் கை ஸ்டியரிங்கில் வழுக்குகிறது.

"இழுத்தா வருமா?" என்று கேட்டாள்.

"வராது. உள்ள இரும்பு இருக்கு."

"அப்ப ஓட்டுங்க." அடுத்த வலி வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்தாள். வலி விட்டதும், "எங்கம்மாவுக்கு மட்டும் பல்லு கட்டியிருந்தா, உங்கள கடிச்சே கொன்னுருப்பாங்க" என்றாள். சிரித்தாள் அத்தை. நீங்கள் போன பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு வழி நெடுகக் கத்தினாள், உங்களைத்தான் கூப்பிட்டாள். ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது அந்தத் துணியை முழுக்க அவிழ்த்துவிட்டேன். அவள் நகம் பட்ட இடம்கூடக் கீறவில்லை. நீங்கள் உடைத்தது சீமைச் சாமான், நீங்கள் செய்து கொடுத்ததோ அசையவில்லை. ஆனால் அவள் உள்ளே போய் எவ்வளவு நேரமாகிறது? பிள்ளை குறுக்கே கிடந்தால் என்ன செய்வார்கள்? கத்தி வைப்பார்களா? நீங்கள் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பீர்களே, இப்போது கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடாதா? டிரஸர் ஐயா வராந்தாவில் வருகிறார். என்னைத்தான் பார்க்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அத்தை, பெண் பிள்ளை.

இரண்டு பேரும் நலம். டாக்டர் கை வைத்துத் திருப்பி எடுத்தாராம். போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இந்தக் கடைசித் தாளை எழுதுகிறேன், எழுத்து கோணலாகப் போகிறது, பார்த்துச் சிரிக்காதீர்கள். பாக்கியம் கண்ணை மூடிக் கிடந்தாள். பிள்ளையை என் கையில் கொடுத்ததும், நீங்கள் என்னைத் திட்டுகிற மாதிரியே வாயை அகலமாகத் திறந்து வீரிட்டது. உள்ளே பார்த்தேன். அதே நிறம்.

நாளைக்கே ரப்பர் விலை ஏறி, நான் பணக்காரனாகி, சீமையிலிருந்து கைப்பிடி கப்பல் கப்பலாக வந்து இறங்கினாலும் இந்தக் கதவில் வேறொன்றை மாட்டமாட்டேன். உங்கள் பேத்திக்கு ஈறு ஊறி, கண்டதைக் கடிக்கிற வயது வரும்போது, அவளைக் கொண்டுவந்து இந்த இடத்தில் உட்கார வைப்பேன். முதல் பல்லை அவள் உங்கள் மேல்தான் பதிக்கவேண்டும். இது சத்தியம்.

நீங்கள் செய்து கொடுத்ததைப் பெற்றுக்கொண்ட,
உங்கள் வீட்டு மாப்பிள்ளை
வீராசாமி