மழையில் கேட்ட 'வாரேன்'

இன்று கணபதி பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் மழை இறங்கியிருந்தது. வெந்நீர் ஊற்றிய மண் போல ஒரு வாடை. குளிரே இல்லாத மழை. உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

நாலு வருடம் முன்னால் அந்த ஐப்பசியிலும் மலையடிவாரத்தில் மழை இப்படித்தான், புழுக்கத்தோடு மூன்று நாளாக விடவில்லை. குன்னூர் தேயிலை ஃபேக்டரியில் மோட்டார் உட்காரக் கான்கிரீட் மேடை போட்டுவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். வேன் உங்களுடையது, ஓட்டியதும் நீங்கள்; அவசரம் என்னுடையது. அங்கே கொத்தனாரை நான் 'ஏய்' என்று கூப்பிட்டதை வழியெல்லாம் சொல்லிக்காட்டினீர்கள்.

"ஏனுங்க இன்ஜினியரே, ஒரு 'ங்க' போட்டா வாய் தேஞ்சா போயிரும்?"

"வேலை முடிஞ்சுதா இல்லையா?"

"முடிஞ்சுதுங்க. அந்த மனுசன் மூஞ்சியும் சுண்டிப்போச்சுங்க."

கல்லாறுக்கு மேலே ஒரு வளைவில் முழங்கால் உயரத்துக்குச் சேறு சரிந்து ரோட்டை மறித்துக் கிடந்தது. காத்திருக்கலாம் என்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கம் பஸ் ஏதாவது நிற்கிறதா பார்க்கிறேன் என்று பையை வேனிலேயே விட்டுச் சேற்றை மிதித்துத் தாண்டிவிட்டேன். தாண்டிய பிறகுதான் மேலே பார்த்தேன். சரிவில் மரங்கள் நேராக நிற்கவில்லை. ஓரத்தில் தெளிவாக ஓடிய தண்ணீர் செம்மண்ணாகக் கொட்டியது. இன்னொரு சரிவு வரப்போகிறது. படித்தவன், எனக்குத் தெரிந்துவிட்டது. படித்தது தாண்டுவதற்கு முன்னால் ஞாபகம் வரவில்லை.

வேனருகே நின்றிருந்தீர்கள். வாயருகே கையைக் குவித்து, நீங்கள் சொன்னதற்காகவே மரியாதையாகக் கத்தினேன்: "குன்னூருக்கே திரும்பிப் போங்க!"

கையைத் தூக்கினீர்கள். "சரிங்க, வாரேன்!"

விடைபெறுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் கிளம்புகிறவர் வேறு என்ன சொல்வார்? முதுகைத் திருப்பிப் பத்தடி நடந்திருப்பேன். பின்னால் லாரி ஜல்லி கொட்டுவது போலச் சத்தம். திரும்பினால், ரோடு இருந்த இடத்தில் ரோடு இல்லை.

வேனுக்குப் பின்னால் நின்ற ஜீப்காரர் பிறகு சொன்னார்: "உங்க பையத் தலைமேல வெச்சுக்கிட்டு உங்ககிட்டத்தானுங்க வந்தாரு, பாதியில மண்ணு வந்து அடிச்சிருச்சுங்க."

அந்த மழையில் 'போ' வரைக்கும் எதுவும் விழாமல் 'ங்க' மட்டும் உங்கள் காதில் விழுந்ததா? 'வாங்க' என்று கேட்டுவிட்டதா? நாலு வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். தூரத்திலிருந்து கேட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

போன மாதம் காரமடையில் ஒரு கிணற்று வேலை. விளிம்பு மண் பிளப்பதைப் பார்த்து, உள்ளே நின்ற மேஸ்திரியிடம், அப்பா வயதுக்காரரிடம், "மேல ஏறு!" என்று அலறினேன். கையையும் ஆட்டினேன். அவர் ஏறி வந்து முறைத்தார்.

"ஏறுங்கன்னா ஏற மாட்டனுங்களா?"

அவருடைய இரண்டு காலும் கெட்டித் தரையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.