பத்திரிகைக்கு ஏது பாத்திரக் கடை?

அக். 13, திங்கள்

விடியும் முன்பே மழை. சாலைக் கம்போளக் கடைத்தெருவில் கணுக்கால் தண்ணீர். கடையில் ஈ ஓட்டினேன். விற்றது ஒரு இட்லிக் கொப்பரை.

கவிதா புதுப் போன் வாங்கியிருக்கிறாள். பழையது எனக்கு. வீட்டுச் சட்டம் அப்படி, மகளுக்குச் சலித்தது அப்பனுக்குப் புதிது. படங்களை எல்லாம் அழித்துத்தான் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அவளுக்குக் கோவா. மாநிலக் கால்பந்து அணியோடு. பத்திரிகையில் விளையாட்டு நிருபராகச் சேர்ந்து இத்தனை நாளில் அணியோடு வெளியூர் அனுப்புவது இதுதான் முதல் தடவை. மனைவி சரசு இப்போதே முறுக்குக்கு மாவு பிசைகிறாள். நான் எதுவும் பிசையவில்லை. கண்டவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஃபேஸ்புக்கில் அணிப் பட்டியல் வந்தது. பார்த்ததும் எரிச்சல். போன தடவை உருண்டு வந்த பந்தை விட்டானே, கோல் காக்கும் அதே கோலி. புதுப் போனில் (எனக்குப் புது) பட்டியலுக்குக் கீழே மலையாளத்தில் எழுதிப் போட்டேன்: "இவனை என் கடையில் குடம் இறக்கி வைக்கக்கூட நிறுத்த மாட்டேன். இவனைத் தேர்ந்தெடுத்த கோச்சைக் கடைப் பக்கமே விட மாட்டேன்." மனசு குளிர்ந்தது. தோசை இரண்டு கூடுதலாக இறங்கியது.

அக். 14, செவ்வாய்

வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றாள் கவிதா.

"அப்பா, இது யாரு எழுதினது?"

"எது?"

"குடம் இறக்கி வைக்கது."

"நல்லா இருக்கா?"

"பத்திரிகை பேர்ல வந்திருக்கு."

நடந்தது இது. பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்கு ஃபேஸ்புக்கில் ஒரு கணக்கு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஆள் குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். ஆள் போனார், வேலை போகவில்லை. நேராகக் கவிதாவின் போனில் வந்து உட்கார்ந்தது. படத்தை அழித்தவள் அதை மறந்துவிட்டாள். எழுதும்போது ஓரத்தில் வட்டமாக ஒரு பந்துப் படம் தெரிந்ததுதான். போனோடு வந்த அலங்காரம் என்று நினைத்தேன். என் பத்தாம் வகுப்புப் படிப்புக்கு அதற்கு மேல் எட்டவில்லை.

அழித்தாள். அதற்குள் ஊர் முழுக்கப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருத்தன்: "பத்திரிகைக்கு ஏது சேட்டா பாத்திரக் கடை?" இன்னொருத்தன்: "விளம்பரம் கிடைக்கல போல. குடம் விக்க இறங்கிட்டாங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. சரசுவின் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

அக். 15, புதன்

ஆபீசில் சர்க்குலர். அணி, ஆட்டக்காரர், கோச் யாரைப் பற்றியும் நிருபர்கள் சமூக வலைத்தளத்தில் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. லைக் கூடாது. சிரிக்கும் பொம்மையும் கூடாது. கவிதாவிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கோவா? "யோசிக்கணும்" என்றாராம் ஆசிரியர்.

"நான் வந்து சொல்லுதேன், நான்தான் எழுதினேன்னு."

"நீங்க வரண்டாம். ஆவேசத்துல நானே எழுதிட்டேன்னு சொன்னா ஒரு திட்டோட போவும். ஆபீஸ் கணக்கு கெடந்த போனை வீட்டுல தூக்கிக் குடுத்தேன்னு தெரிஞ்சா கோவா மட்டுமில்ல, வேலையே போவும்."

"நீ செய்யாததுக்கு நீ எதுக்குத் திட்டு வாங்கணும்?"

"அப்பா, நீங்க சும்மா இருந்தா மதி, அது போதும்."

சும்மா இருப்பது. நான் கற்றுக்கொள்ளாத ஒரே தொழில்.

அக். 16, வியாழன்

கடையைப் பக்கத்துக் கயிற்றுக்கடை ராஜனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். துவைத்த வேட்டி.

விளையாட்டுப் பிரிவு என்றால் பெரிய கூட்டமாக இருக்கும் என்று இத்தனை நாள் நினைப்பு. ஐந்து மேசை. ஆள் ஒன்று. மற்ற மேசைகளில் பழைய பேப்பர் கட்டு. அந்த ஒன்று, கவிதா அடிக்கடி சொல்லும் ஷிபு. டிவியில் கிரிக்கெட், காதில் போன், கை எதையோ டைப் அடிக்கிறது. மலையாளி. என்னிடம் தமிழ் பேசிப் பார்ப்பான்.

"அங்கிளே, குடம்னு வாசிச்சப்பவே எனக்கு ஆளு மனசிலாச்சு."

"கோவா போச்சா தம்பி?"

"ஒரு காரியம் சொல்லட்டே? கோவா வேண்டாம்னு போன வாரமே பேச்சு. அவ போனா நான் ஒத்தைக்கு. எனக்கு ஒரு காய்ச்சல் வந்தா பக்கம் வெள்ளையா போவும். ஆளில்லைன்னு சொல்ல அவங்களுக்கு நாணம். அப்பத்தான் அங்கிளோட குடம் வந்து விழுந்துது."

அப்படியா சங்கதி. ஆளை அனுப்பியது அவர்கள். பழி என் குடத்துக்கு.

கோபத்தில் நேராக ஆசிரியர் அறைக்குள் போய்விட்டேன். நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்கிறார். சினிமாப் பக்கமும் அவர் தலையில்தானாம், ஏதோ நடிகையின் படத்தை வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"சேட்டன் எழுதினதா. ரசமா இருந்தது. அப்போ ஆபீஸ் கணக்கு சேட்டன் கையில எப்படி வந்துது?"

ராத்திரி முழுக்கப் பேச்சை ஒத்திகை பார்த்தவன் இந்தக் கேள்வியை யோசிக்கவில்லை. மழை வரும்போல இருக்கிறது, கடையில் ஆளில்லை என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தேன். வீரன்.

சாயங்காலம் கவிதா பேசவில்லை. திட்டினால் தேவலை. அந்த வேலையைச் சரசு எடுத்துக்கொண்டாள். "ஒரு வரி எழுதி மகளுக்க வேலைக்கு உலை வச்சிய. அது போதாதுன்னு நேர்ல போயி தீயும் மூட்டிட்டு வந்தியளாக்கும்?"

அக். 17, வெள்ளி

பேச்சில்லை. சாம்பாரில் உப்பும் இல்லை. கேட்கத் தைரியமில்லை.

அக். 18, சனி

பேசிவிட்டாள்.

ஆசிரியரிடம் போய் முகத்துக்கு நேரே கேட்டாளாம்: "ஆளில்லாததுதானே சார் காரியம்? அதுக்கு எங்க அப்பாவை எதுக்கு இழுக்கீங்க?" அவர், நீயே ஒரு வழி சொல் என்றாராம். இவள் சொல்லியிருக்கிறாள். கோவா போகிறாள். ஆனால் அங்கே இருந்துகொண்டே இங்கத்து விளையாட்டுப் பக்கத்தில் பாதியை முடித்து அனுப்பணும். அந்த ஃபேஸ்புக் கணக்கும் அவள்தான். விளக்கம் வேண்டாம் என்றாகிவிட்டது. போனைக் கை மாற்றுவதைப் பற்றிப் புது சர்க்குலர் உண்டு. பெயர் போடவில்லை. போட்டால் என் பெயர்தான்.

"சம்மதிச்சியா?"

"சம்மதிச்சேன்."

"ரெண்டாள் வேலைல்லா மக்களே அது?"

"மூணு. எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

எண்ணத் தெரியாதவன் என்று சொன்னாலும், சொன்னாளே.

அக். 20, திங்கள்

தம்பானூர் ஸ்டேஷன். ரயில் தாமதம். கொண்டுபோனவை: லேப்டாப், சார்ஜர்கள், முறுக்கு, இருமல் மருந்து. விட்டுப்போனது: குடை. ஜன்னல் வழியாக ஏதோ புத்தி சொல்லப் போனேன். லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். ரயில் இன்னும் கிளம்பவே இல்லை.

அக். 23, வியாழன்

வெயில். மத்தியானம் ஆட்டம். கடையில் போனைப் பிரஷர் குக்கர் மேல் சாய்த்து வைத்து நானும் ராஜனும். வந்த ஒரு அம்மாளுக்கு விலை சொல்லக்கூட நேரமில்லை. போய்விட்டாள்.

இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் கோல் போட்டார்கள். ராஜன் துள்ளி, தன் கடை வாசல் கயிற்றுக்கட்டைத் தட்டிவிட்டான். அப்போது கடை லேண்ட்லைன் அடித்தது. கவிதா. பின்னால் ஒரே இரைச்சல்.

"அப்பா, மேட்ச் பாக்கியளா?"

"பாக்காம? நீ அங்கதானே இருக்க?"

"அங்கதான் இருக்கேன். பக்கத்துக்குத் தலைப்பு போட்டுட்டு நிமிந்து பாத்தா எல்லாரும் எழும்பிச் சாடுதாங்க. கோல் யாரு அடிச்சது?"

"பத்தாம் நம்பர். இடப்பக்கத்துலேந்து தூக்கிக் குடுத்தாங்க, தலையால தட்டி விட்டுட்டான். எதிர்ல நின்ன கோலி இருக்கானே, அவனெல்லாம்..."

"அபிப்பிராயம் வேண்டாம்ப்பா. தலையாலதானே?"

"தலையால."

"உறப்பா, நிச்சயமா? அச்சுக்குப் போவுது."

"உறப்பு."

வைத்துவிட்டாள். ராஜன் என்னையே பார்க்கிறான். தோள் என்கிறான். தலையில் படவே இல்லை, நல்லா பார்த்தேன், தோள்தான் என்கிறான். திரும்பக் காட்டுவார்கள் என்று பார்த்தால் விளம்பரம் ஓடுகிறது.